பதினேழாம் எண்

சேதராப்பட்டில் கம்பெனிக் கட்டடத்துக்கு
ஜேசிபி தோண்டிய குழியோரம் கிடைத்தது.
உள்ளங்கையில் அடங்கும். ஒரு பக்கம் வரிவரியாய்.

கத்தி பட்டால் கீறல் விழுகிறது.
ஒரு சொட்டு வினிகர்: சுர்ரென்று நுரை.
சுண்ணாம்புதான், அதுவரை சரி.
நாக்கில் வைத்தேன். ஒட்டவில்லை;
எலும்பில்லை.
பார்த்துக்கொண்டிருந்த பிலோமினா
என் டம்ளரைத் தனியாக எடுத்துவைத்தாள்.

வரிகள் சிப்பியுடையவையா
ஜேசிபிப் பல்லுடையவையா?
லென்ஸை நெருக்கினால்
என் மூச்சே மறைக்கிறது.

பதினாறாம் டப்பாவில்
‘முட்டை’ என்ற சீட்டைக் கிழித்த பசை
இன்னும் பிசுபிசுக்கிறது.
வெறும் உருண்டைக்கல் அது.

ஆகவே இதற்கு
எண், இடம், தேதி.
பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

வினிகர் காய்ந்த இடத்தில்
புதிதாய்ச் சின்னக் குழி.
கீழே எழுதினேன்:
இது மட்டும் நான் செய்தது.