மப்பு

விடியக்காலம் நாலே பத்துக்குப் போன் வந்தது.
முதலாளி குரலில் இன்னும் போர்வை இருந்தது.
"தாசே, மப்பா?"

"இல்லை" என்றேன்.
"சத்தியமா இல்லை."

அவர் சிரித்தார். சத்தியம் எதற்கென்று கேட்கவில்லை.
"அப்பம் வெட்டு" என்று வைத்துவிட்டார்.

நாற்பத்தொரு நாளாக
அந்தச் சொல்லுக்கு என்னிடம் ஒரே அர்த்தம்.
ரோஸ்லெட் சாயங்காலம் வாசலில் நின்று கேட்பது.
கூலி எண்ணும்போது கணக்கப்பிள்ளை
கண்ணாலேயே கேட்பது.
பொன்மனை முக்கில் கூட்டாளிகள் கேட்காமல் கேட்பது.
மரச்சீனியும் மீனும் கூடிப்போன ஒரு ராத்திரி
வயிறு மப்பாக இருக்கு என்று சொல்லப் போய்
அவள் பாதித் தட்டில் எழுந்து
என் வாயை முகர்ந்தாள்.
அதன் பிறகு வயிற்றுக்கு
வேறு வார்த்தை வைத்திருக்கிறேன்.

தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு
ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் நின்று
மேலே பார்த்தபோதுதான் தெரிந்தது.
ஒரு நட்சத்திரம் இல்லை.
பேச்சிப்பாறைப் பக்கத்து மலை
இருந்த இடத்தில் இல்லை.
ஐயோ, அவர் இதையல்லவா கேட்டார்.

போனை எடுத்தேன்.
பெருவிரல் அவர் பேர்மேல் போய் நின்றது.
"முதலாளி, மப்பு உண்டு..."
இந்த வாயிலிருந்து, இந்த நேரத்தில் சொன்னால்
எந்த மப்பு அவர் காதில் விழும்?
நாற்பத்தொரு நாளையும்
அந்த ஒரு வரியில் கொட்டிவிட மனசு வரவில்லை.
போனை மடியில் சொருகினேன்.
கத்தியை எடுத்தேன்.

இருநூற்று எண்பது மரம்.
கை நடுங்கவில்லை, அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.
பட்டை ஒரே கனத்தில் சுருண்டு விழுந்தது.
மரம் எதையும் விசாரிக்காமல்
வெள்ளையாய் வடிந்தது.

ஆறே முக்காலுக்கு முதல் துளி
சிரட்டைக்குள் விழுந்தது.
மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்ட
இந்த வருஷம் அவர் காசு இறக்கவில்லை.
பிறகு துளி துளியாகப் பார்க்க ஒன்றுமில்லை.
வெட்டுக்கோட்டைத் தாண்டிப் பால் பரந்து
வேரில் இறங்கி, மண்ணில் இறங்கி,
சாயாக்கடைப் பின்பக்கம் மாதிரி
ஒரு மணி நேரம் ஓடை ஓடியது.

ஜீப்பில் வந்தார்.
குடையை எனக்கும் சேர்த்துப் பிடிப்பதுபோல்
கிட்டே வந்து மூச்சை இழுத்தார்.
ஆசிட், ஒட்டுப்பால், கட்டஞ்சாயா.
"மப்பு இல்லைன்னு சொன்னியே."
"இல்லை."
"பின்னே இது?"
விரலை மேலே நீட்டினார்.
நான் நின்ற இடத்திலிருந்து
அது என் நெற்றியைக் காட்டுவதுபோலவும் இருந்தது.

கூலி தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வீட்டில் அஜிஷாவின் யூனிபார்ம்
நேற்றைய கனத்தோடே கொடியில் தொங்கியது.
"அப்பா, எப்பம் தெளியும்?"
அடுக்களையில் ரோஸ்லெட்
பாத்திரச் சத்தத்தை நிறுத்தினாள்.
நான் முற்றத்தில் இறங்கி
கழுத்து நோக மேலே பார்த்தேன்.

"தெரியல்ல மக்களே.
இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கு."