அயல்பொருள்: ஒன்று

மணலிக் கிடங்கில்
ஒன்பதாவது கன்டெய்னரைத் திறந்தபோது
முதலில் இறங்கியது வெக்கை.
அப்புறம்தான் துவரை.
ஐம்பது கிலோ மூட்டை, நானூற்று எண்பது.

மூட்டைக்கு ஒரு குத்து.
குத்தூசியின் குழல் வழியே
ஒரு கைப்பிடி மலாவி
என் தட்டில் சரியும்.
வண்டு எத்தனை, உடைசல் எத்தனை, ஈரம் எவ்வளவு
என்று எழுதிக் கொடுக்க
நாளைக்கு அறுநூற்றைம்பது எனக்கு.

இருநூற்றுப் பதினோராவது மூட்டையில்
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கருவாடு.

நெத்திலி என்றுதான் நினைத்தேன்.
நெத்திலிக்கு இந்தத் தாடை கிடையாது.
காசிமேட்டில் பிறந்தவளுக்குப்
பேர் தெரியாத மீன் என்றால்
அது மானப் பிரச்சினை.

குலாம் ரசூல் பாய் சிரித்தார்.
"அந்த நாட்டுக்குக் கடலே இல்லம்மா.
நாலு பக்கமும் தரை.
ரயிலேத்தி, பக்கத்து நாட்டுத் துறைமுகத்துல
வாடகை கட்டித்தான் கப்பலைப் பாக்கணும்."

செல்போனில் மேப்பை விரித்துக் காட்டினார்.
வாளைமீன் போல ஒல்லியாய் ஒரு நாடு.
அதன் முதுகை ஒட்டியே நீலமாய் ஓர் ஏரி.
எண்ணூரில் தலைவைத்துப் படுத்தால்
தூத்துக்குடியில் கால்நீட்டும் ஏரி.
அலையடிக்குமாம்.
காற்று திரும்பினால் படகு கவிழுமாம்.
ராத்திரியில் விளக்குக் கட்டி வலைவீசுவார்களாம்.
எல்லாம் இருக்கிறது,
உப்பு மட்டும்தான் இல்லை.

மலைச்சரிவில் தேயிலை.
சமவெளியில் புகையிலை, அது டாலருக்கு.
சோளம் வயிற்றுக்கு.
சோளத்துக்கு இடையில் ஊன்றிய துவரை
பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு,
தகரக் கூரைக்கு, சாம்பாருக்கு.
சாம்பார் நம்முடையது.
அவள் அதைப் பார்த்திருக்க மாட்டாள்.

அவள் என்று ஏன் சொல்கிறேன்?
தராசடியில் வரிசை நகராத ஒரு மத்தியானம்
மடியில் பொட்டலத்தைப் பிரித்திருப்பாள்.
தரகன் பேர் கூப்பிட
சட்டென்று எழுந்திருப்பாள்.
ரேஷன் கடையில்
இப்படி எத்தனை முறை எழுந்திருக்கிறேன் நான்.

அந்த ஊர்ப் பணத்துக்குக் குவாச்சா என்று பேர்.
விடிந்தது என்று அர்த்தமாம்.
நம் ஒரு ரூபாய்க்குக்
கிட்டத்தட்ட இருபது விடியல்.
"அப்போ கிலோ என்ன விலைக்கு எடுத்தாங்க பாய்?"
அதை அவர் சொல்லவில்லை.
டில்லியில் ஒரு கையெழுத்து தள்ளிப்போன வருஷம்
துவரை அங்கேயே கிடந்து
வண்டடித்துப் போனதை மட்டும் சொன்னார்,
தன் நஷ்டமாக.

சாயங்காலம்
டிரெய்லர்கள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும்
எண்ணூர் ரோட்டோரம் நடந்தேன்,
கைக்குட்டையில் முடிந்த மீனோடு.
கருவாட்டுக் கூடைக்குப் பின்னால்
தேசம்மா அக்கா மோந்து பார்த்தாள்.
வாலைக் கடித்தாள்.
கண்ணை மூடிக்கொண்டாள்.

"உப்பே பாக்காத மீனுடி இது.
வெறும் வெயில்ல காஞ்சிருக்கு.
ஆனா காய வெச்சவ கைகாரி,
கிழக்கு மேற்குன்னு பெரட்டிப் போட்டிருக்கா."
எந்த நாடு என்று கேட்கவில்லை.
கிலோ என்ன விலை என்றாள்.
சொல்லத் தெரியவில்லை எனக்கு.
மீதிப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டு
"எம்மா, வஞ்சிரம் எடுத்துட்டுப் போ" என்று
யாரையோ கூவி அழைத்தாள்.

மறுநாள் அறிக்கை.
மூட்டை 211. அயல்பொருள்: ஒன்று.
'வகை' என்ற கட்டத்தில்
கல், மண், தண்டு, தூசு என்று
எழுதிப் பழகிய பேனா நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து எழுதினேன்:
மதியச் சாப்பாடு.

ரசூல் பாய் படித்தார்.
என்னை ஒருமுறை பார்த்தார்.
பிறகு குறுக்கே ஒரு கோடு போட்டு
'இல்லை' என்று திருத்தினார்.

சரக்கு பாஸ்.
லாரி வந்துவிட்டது.