பத்தொன்பதாம் எண் பை

மழை விட்டபாடில்லை.
சம்பாய் போகும் பாதையில் மறுபடி மண் சரிந்ததாம்.
அரிசி ஏற்ற வரும் ஜீப் இந்த வாரமும் வராது.
ஆனாலும் சனிக்கிழமை சனிக்கிழமைதான்.
ஆலயத்தின் பின்னறையில்
தராசைத் துடைத்து வைக்கிறேன்.
அதன் முள் ஐம்பது கிராம் பொய் சொல்லும்.
பதினோரு வருடமாக அந்தப் பொய்யைக்
கழித்துக் கழித்தே எழுதி வருகிறேன்.

எங்கள் மிசோ மலையில்
உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி
ஆலயத்துக்கென்று தனியே போகும்.
யாரும் நின்று ஜெபிப்பதில்லை.
குழந்தை அழும், ஈர விறகு புகையும்,
நடுவே ஒரு கை
மூடித் திறக்கும். அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டு வீடு, ஐம்பத்திரண்டு பை.
எனக்குப் பாட வராது.
இந்த ஊரில் அதை ஒளித்துவைக்க முடியாது.
பாடகர் குழுவில் இடமில்லாதவளுக்குத்
தராசு கிடைத்தது.
ராகம் தெரியாவிட்டால் என்ன, அரிசி தெரியும்.
கையை விட்டால் போதும்:
இது ரோதுவாமியின் காட்டுச் சிவப்பு,
இது தார்கூமியின் ஒட்டரிசி,
இது ரேஷன் வெள்ளை, வண்டு நெளியும்,
இது குருணை,
கோழிக்கு வைத்திருந்ததைக் கடவுளுக்குத் தள்ளிவிட்ட
சிங்புயி வீடு.
அவளையும் எழுதத்தானே வேண்டும்.
எழுதுவேன். ஒன்றே கால் கிலோ.

பத்தொன்பது தாங்ஸுவாலியுடையது.
போன ஜூலையில் அவள் புருஷன்
பாதையோடு போனான்.
அன்றிரவு வாலிபர்கள் பதினான்கு பேர்
கொட்டும் மழையில் குழி வெட்டினார்கள்.
தண்ணீர் ஊற ஊற இறைத்து இறைத்து வெட்டினார்கள்.
காலையில் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.
அந்தப் பதினான்கும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பிறகு அவள் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது.
புகையை எண்ணத் தெரியாதவர் இங்கே யார்?
வெற்றுப் பைகள் தொங்கும் வாசல் ஆணிகளில்
பத்தொன்பதை எடுக்காமலே கடந்து போனாள்,
எடுக்க மறந்தவள்போல நடையை வேகமாக்கி.

அந்தச் சனிக்கிழமை பை வந்திருந்தது.
இரண்டு கிலோ நூறு.

கையை விட்டேன்.
சிவப்பு இருந்தது. ஒட்டரிசி இருந்தது.
வண்டு வைத்த ரேஷன் வெள்ளை இருந்தது.
இன்னும் மூன்று வீட்டு அரிசி,
பெயர் சொல்லமாட்டேன்.
அடியில் ஒரு குத்து குருணை.
நான் கையை வெளியே எடுக்கக்
கொஞ்ச நேரமானது.

கூடிப் பேசியிருப்பார்களா, தெரியாது.
கேட்டால், எந்த அரிசி என்பார்கள்.
ஒரு பெயருக்கு எதிரே சைபர் விழக்கூடாதென்று
ஏழு கைகள்
இரண்டாம் முறை மூடித் திறந்திருக்கின்றன.
அவர்கள் பைகளையும் மறுபடி நிறுத்தேன்.
எதிலும் குறையவில்லை.
தாங்ஸுவாலி, இரண்டு கிலோ நூறு.
மையை ஊதிக் காயவைத்தேன்.

கல் பொறுக்க வருவாள் அவள்,
யாரும் கேட்காமலே, தன் முறத்தோடு,
எல்லோரும் போன பிறகு.
இன்று நேரத்தோடே வந்துவிட்டாள்.
மறைக்க வழியில்லை.
பழைய போர்வைத் துண்டில் தானே தைத்த பை,
தன் தையல் தெரியாதா?
அவிழ்த்துக் கொட்டினாள்.
சிவப்பும் வெள்ளையும் முறமெங்கும் ஓடின.
அவள் விரல் நின்றது.
கூரைத் தகரத்தில் மழை அறைந்தது,
பேசினாலும் கேட்டிருக்காது.
ஏதோ கூட்டல் தவறியதுபோல
பதிவேட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

ஓரக்கண்ணால் பார்த்தேன்:
பால் டின்னுக்குள் ஒரு கல் விழுந்தது.
வெகுநேரம் கழித்து இன்னொன்று.

பக்கத்து அறையில் மேளக்காரர்
நமத்துப்போன தோலைத் தணலில் காட்டிக்கொண்டிருந்தார்,
நாளைக்கு அது பேச வேண்டும்.
தாங்ஸுவாலி முறத்தைத் தட்டி எழுந்தாள்.
என் தோளுக்கு மேலாகப்
பத்தொன்பதாம் வரியைப் படித்தாள்.
"இந்தத் தராசு சரியில்லை," என்றாள்.

"ஆமாம்," என்றேன்.
"ஐம்பது கிராம்."