ஐம்பத்திரண்டும் நாற்பத்தொன்றும்

துர்க்கு நகரம், பிப்ரவரி.
ஔரா ஆறு மேலே உறைந்து
அடியில் ஓடிக்கொண்டிருந்தது.
எவ்வளவு ஓடுகிறது என்று
கரையில் நின்று யாரால் சொல்ல முடியும்?

இல்போ ஹர்யுலா, அறுபத்தெட்டு வயது,
பனியுடைக்கும் கப்பலில் எஞ்சின் பார்த்தவர்.
காலை எட்டுக்கு பெட் கருவிக்குள் படுத்தார்.
கதிரேறிய நீர் குழாய் வழியாக வந்தது.
இரண்டே நிமிடத்தில் பாதி செத்துவிடும் நீர்;
அதனால் நாங்கள் ஓடியே பழகியவர்கள்.
நூறு கிராம் மூளைக்கு, நிமிடத்துக்கு,
ஐம்பத்திரண்டு மில்லிலிட்டர்.

பத்தரைக்குக் காந்தக் கருவி.
அதில் ஊசி இல்லை.
கழுத்தைக் கடக்கும் ரத்தத்துக்கே
காந்தத்தால் ஒரு பொட்டு வைத்து
மேலே போய்ச் சேரும்வரை காத்திருப்போம்.
நாற்பத்தொன்று.

குன்வோர் காந்தத்தைச் சந்தேகித்தாள்:
வயதானவர், ரத்தம் மெதுவாக ஏறியிருக்கும்,
நாம்தான் அவசரப்பட்டுப் படம் எடுத்துவிட்டோம்.
நான் குழாயைச் சந்தேகித்தேன்.
மூன்று வாரம்.
கடைசியில் ஒரு திருத்தக் காரணிகூடக் கண்டுபிடித்தோம்,
இரண்டு எண்களும் கைகுலுக்கிக்கொள்ளும்படி.

பயணப்படி வாங்க வந்தவரிடம்
பேச்சுவாக்கில் கேட்டேன்:
அன்று இடைவேளையில் என்ன செய்தீர்கள்?

"கூடாதென்று படிவத்தில் இருந்தது, படித்தேன்.
ஆனால் பக்கத்து அறையிலிருந்து வாசம் வந்தது.
யாரோ ஒரு ஜாடி நிறையக்
காப்பி வடித்து வைத்திருந்தார்கள்.
இரண்டு கோப்பை. சரி, மூன்று."

குன்வோர் பேனாவை மூடினாள்.
மூன்று வாரக் கணக்கை
ஒரு பொத்தானில் அழித்தாள்.
"எந்த முட்டாள் அங்கே காப்பி வைத்தது?"

சன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தேன்.
பனி விரியும் சத்தம் கேட்டதுபோல் இருந்தது.
ஜாடி என்னுடையது.
இன்னும் சொல்லவில்லை.