வரைபடத்தில் உள்ளபடி

என் முத்திரை எண் இருநூற்றுப் பதினேழு.
சிறு எஃகு வட்டம், கட்டைவிரல் நகமளவு.
வைத்துத் தட்டினால்
அந்தப் பாகம் சரி.
சரி என்றால்
வரைபடத்தில் உள்ளபடி என்று மட்டும் அர்த்தம்.

வரைபடம் கடல் கடந்து வந்தது,
நான் வேலைக்குச் சேருமுன்பே, பெட்டி பெட்டியாக.
மொழிபெயர்த்த இருவரில்
ஒருவர் மைசூரில் இருக்கிறார்,
மற்றவர் கல்பள்ளி இடுகாட்டில்.
உரிமப் பத்திரத்தின் ஒன்பதாம் பிரிவு
இரண்டு பக்கம் நீளம். சாரம் இதுதான்:
எழுதிக் கேட்காமல்
ஒரு வாஷரைக்கூட மாற்றாதே.

துப்பாக்கியைத் தாங்கும் இடப்பக்கப் பிடிமானத்தில்
மேல் விளிம்பிலிருந்து பதினோரு மில்லிமீட்டர் கீழே
ஒரு துளை.
விட்டம் நான்கு.
போல்ட் இல்லை, ரிவெட் இல்லை,
கம்பி நுழைவதில்லை, எண்ணெய் வடிவதில்லை.
ஐம்பத்து மூன்று இயந்திரங்களில் அதை இட்டோம்,
ஐம்பத்து மூன்று முறை நான் அளந்தேன்.
ஒருதரம் நாலு புள்ளி ஒன்று வந்துவிட்டது.
பிடிமானம் குப்பைக்குப் போனது,
துளையிட்ட எபனேசருக்கு மெமோ.

"எதுக்கு மேடம் இந்த ஓட்டை?"
மெமோவை நாலாக மடித்தபடி
அவன்தான் முதலில் கேட்டான்.
அதிர்வைத் தணிக்க என்றான்
புதிதாகச் சேர்ந்த பொறியாளன்,
டீ கப்பில் பேனாவால் சமன்பாடு போட்டுக் காட்டினான்.
இரண்டு வருடம் அதை நம்பினேன்.
ஹொன்னப்பா மட்டும்
"பேக்கு அந்தா பரெதித்தாரெ, பிடம்மா" என்றார்.
வேண்டுமென்றுதானே எழுதியிருக்கிறார்கள், விடு.

ஆயுத பூஜையன்று
அவரே சாமந்திச் சரத்தின் நூலை
அதில் நுழைத்து முடிச்சுப் போட்டார்.
பெயிண்டில் படாதிருக்க டேப் ஒட்டி
அதன்மேல் குங்குமம்.
சறுக்குக் கால்களின் கீழே எலுமிச்சை.
பன்னிரண்டு மணி நேரம்
அந்தத் துளைக்கு ஒரு வேலை இருந்தது.

எழுதிக் கேட்டோம்.
பதினான்கு மாதம் கழித்துப் பதில், அரைப் பக்கம்:
அவர்கள் ஊர்த் தொழிற்சாலையில்
பெயிண்ட் அடிக்கப் பாகத்தைத் தொங்கவிடும்
கொக்கிக்கான துளை அது.
அந்தக் கொக்கிகளை அவர்களே கழற்றிப் போட்டு
நெடுங்காலமாகிறது.
நீக்க விரும்பினால் அது வடிவமைப்பு மாற்றம்;
கட்டண விவரம் இணைப்பில் காண்க.

நாங்கள் பாகத்தை மேசையில் கிடத்தித்தான் அடிக்கிறோம்.

எபனேசர் விழுந்து விழுந்து சிரித்தான்.
பிறகு, "அப்போ மெமோவை எடுத்துடுவாங்களா?" என்றான்.
எடுக்கவில்லை.
ஐம்பத்து நான்காவதுக்கு டிரில்லை மாட்டினோம்.

முருகேஷ்பாளையத்தில் மூன்றாம் மாடி என் வீடு.
சோதனைப் பறப்பு தலைக்கு மேல் போகையில்
அடுக்கிய டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுப் பேசும்.
அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பேன்.
கொக்கி என்று தெரிந்தது.
மற்றதையெல்லாம் நாங்கள் கேட்டதில்லை.

போன தையில் ஏழாம் எண் இயந்திரம்
பெரும் பராமரிப்புக்குத் திரும்பி வந்தது.
அதன் பதிவேட்டில் பறந்த மணிகள்,
இறங்கிய தடவைகள், மாற்றிய வடிகட்டிகள்.
சுட்டவை: இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
அதற்கப்புறம் கட்டம் இல்லை,
காகிதத்தின் ஓரம்.

இடப்பக்கப் பிடிமானம்.
பெயிண்ட் உரிந்திருந்தது, முத்திரை மங்கவில்லை, என்னுடையதுதான்.
துளையில் மண் அடைத்திருந்தது.
இந்த ஊர்ச் செம்மண் அல்ல,
சாம்பல் நிறம், மாவு போல.
வெள்ளைத் தாளில் ஊசியால் தட்டி எடுத்தேன்.
யார் வயலோ,
ஆற்றங்கரையோ, கூரையோ.
விபூதியை மடிப்பதுபோல் மடித்துவிட்டேன்,
கைப்பழக்கம்.

துடைத்து அளந்தேன்.
நாலு புள்ளி பூஜ்யம் இரண்டு.
சரி.
தட்டினேன்.

வாயிலில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள்,
இங்கிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது.
பொட்டலம் கேலிப்பர் பெட்டியில் கிடக்கிறது.
ஒரு மடிப்பு பிரிந்துவிட்டது போல.
அளக்க எடுக்கும்போதெல்லாம்
விரலில் கொஞ்சம் ஒட்டுகிறது.