நான்காம் எண், எல்தார்ப்

பெரிய சாலையில் பழுப்பு நிறப் பலகை நட்டிருக்கிறார்கள்.
அம்புக்குறி எங்கள் பண்ணையைக் காட்டுகிறது.
அதை நம்பித்தான் வருகிறார்கள்.
கார் கதவைத் திறந்ததும் கேட்கிறார்கள்:
"கிராமம் எங்கே?"

அதன் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள், என்பேன்.

குனிந்து பார்ப்பார்கள்.
புல். ஆட்டுப் புழுக்கை. ஒரு முட்செடி.
மேடு, பள்ளம், மறுபடி மேடு,
ரொம்ப நாளாக உடம்புக்கு முடியாத ஒருவர்
போர்வைக்குள் புரண்டு படுத்ததுபோல.
"இவ்வளவுதானா?"
அந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு வாங்கியிருந்தால்
கொட்டகைக் கூரையை எப்போதோ மாற்றியிருப்போம்.

ஒருவர் கழிவறை கேட்டார்.
பர்மிங்ஹாமிலிருந்து வந்த பெண்மணி, பாவம்,
கட்டிக்கொண்டு வந்த சாண்ட்விச்சை
மழைக்குப் பயந்து காருக்குள்ளேயே தின்றுவிட்டுப் போனார்.
ஜூலையில், உச்சி வெயிலில் வருகிறவர்களிடம்
எல்தார்ப் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நவம்பரில் வாருங்கள் என்பேன், மூன்றரை மணிக்கு,
வெயில் தரையோடு தவழும்போது.
தலையாட்டுவார்கள்.
நவம்பரில் யார் வருவார்?

வந்தான் ஒருவன், போன வருஷம்.
வெள்ளை வேன்.
வழிகாட்டிக் கருவியின் பேச்சைக் கேட்டு
இரும்புப் படலைத் திறந்து, திரும்ப ஒழுங்காக மூடி
(அதிலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது)
வயல் நடுவில் வந்து நின்றான்.
கையில் அட்டைப்பெட்டி.
வைதாஸ் என்று சட்டையில் தைத்திருந்தது.

"நான்காம் எண், எல்தார்ப்" என்றான்.

அறுநூறு வருஷம் தாமதம் தம்பி, என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் சூரியன் பிண்டர் தோப்புக்குப் பக்கத்தில் இறங்கி
மேட்டுக்கு ஒரு நிழலாக
எல்லாவற்றுக்கும் பங்கு வைத்துவிட்டது.

ஊர் எழுந்தது.
தெரு. தெருவுக்கு இருபுறமும் வீடுகளின் சதுரங்கள்.
கொல்லைகள். குளம் இருந்த குழி.
தேவாலயத்துக்குப் போகிற சந்து, தேவாலயம் இல்லாமல்.
இருபத்தெட்டு வருஷமாக இங்கே ஆடு வளர்க்கிறேன்.
இருந்தும் ஒவ்வொரு தடவையும்
யாரோ சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் வந்து நின்றதுபோல
பிடரி சிலிர்க்கும்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
விரலை நீட்டி எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று.
பிறகு நடந்தான்.
மேட்டைத் தாண்டியிருக்கலாம், முழங்கால் உயரம்கூட இல்லை.
தாண்டவில்லை.
சுற்றிப் போய், வாசல் இருந்த இடைவெளியில் நின்று,
பூட்ஸைப் புல்லில் தேய்த்துக்கொண்டு
உள்ளே போனான்.

நானும் அப்படித்தான் போவேன். காலினுக்கே அது தெரியாது.
சுவர் வழியாக நுழைய
நாமென்ன பேயா?

பெட்டியை வாசற்படியில் வைத்தான்.
கம்பெனி விதிப்படி ஒரு போட்டோ.
எடுத்ததைப் பார்த்துத் தனக்குள் சிரித்தான்,
பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டான்.
அது எல்தார்ப் கிரேஞ்சுக்கு வந்தது, இரண்டு மைல் தள்ளி,
பிண்டர் அம்மாளின் ரப்பர் பூட்ஸ்.
வழி சொன்னேன்: பாலம் தாண்டி இடது,
நாய் குரைக்கும், கடிக்காது.

"இவர்களெல்லாம் எங்கே போனார்கள்?"
வேனில் ஏறும்போது கேட்டான்.
தகவல் பலகையில் இருப்பதைச் சொன்னேன்:
கொள்ளைநோய் கொண்டுபோனது பாதி.
ஆட்டுக்கு இடம் வேண்டுமென்று
நிலக்காரர் துரத்திவிட்டது மீதி.

அவன் ஆடுகளைப் பார்த்தான்.
ஆடுகள் அவனைப் பார்த்தன.
நான் வேலியைப் பார்த்தேன்.

வேன் போனது, வெளிச்சமும் போனது.
எல்தார்ப் புல்லுக்குள் திரும்பப் படுத்துக்கொண்டது.
டார்ச் அடித்துத் தலை எண்ணினேன், ஒன்று குறைந்தது.
முகம் கறுத்த அந்தக் கிழட்டுப் பெட்டையாடு
நான்காம் எண்ணுக்குள் படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தது,
இந்த நேரத்தில் யாரது என்பதுபோல
வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.