நாற்பது நொடி

அந்த வரியை எழுதியவர் யாரென்று தெரியாது.
தூங்கு, நாற்பது. அவ்வளவுதான்.
ஏன் என்று மேலும் இல்லை, கீழும் இல்லை.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த தியோடர்
மஸ்கட்டில் இருக்கிறார். அவருக்கும் முன்னவர்
பி.வி.கே. என்ற பயனர் கணக்காக மட்டும் மிச்சம்.

கெல்லீஸில் ரத்தப் பரிசோதனைக் கூடம்.
மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரியை ஒட்டி,
ஓர் ஏசி, ஒரு யுபிஎஸ், இரண்டு கறுப்புப் பெட்டிகள்.
சர்வர் அறை என்று பலகை மாட்டியிருக்கிறோம்.

பெட்டி விழித்தால்
எஸ் என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாய் வரும்.
பத்து, நெட்வொர்க். இருபது, தரவுத்தளம்.
முப்பத்தைந்து, முடிவுகள். தொண்ணூறு, ரசீது.
சின்ன எண்ணுக்கு முதல் இடம்.
சிபாரிசுக் கடிதம் செல்லாத ஒரே வரிசை
இந்த ஊரில் இதுதான்.

சேர்ந்த புதிதில் அந்த நாற்பதை அழித்தேன்.
மறுநாள் காலை ஆறரை.
வெறும் வயிற்றோடு பெஞ்சு நிறைய ஆட்கள்.
தரவுத்தளம் இன்னும் பல் விளக்கிக்கொண்டிருக்க,
முடிவுகள் போய்க் கதவைத் தட்டி,
பதில் வராமல் வாசலிலேயே செத்து விழுந்தது.
ரசீது மட்டும் ஜோராய் எழுந்து
பெயரில்லாத சீட்டுகளை அடித்துத் தள்ளியது.
சர்க்கரைக்காரர் ஒருவர் மயங்கப் பார்த்தார்.
ரோஸ்லின் குழாய்களில் கையால் பெயர் எழுதி ஒட்டினாள்,
என்னைப் பார்க்காமல்.
வரியைத் திரும்ப எழுதினேன்.
நாற்பத்தைந்தாக.

ஐப்பசிக் கடைசி. இரவு பதினொன்றேகால்.
புரசைவாக்கம் ஹைரோட்டில் முழங்கால் தண்ணீர்.
ஈபிக்காரர்களே கரண்டை நிறுத்திவிட்டார்கள்.
ஜெனரேட்டரில் டீசல் என்ற பெயரில் வாசனை மட்டும்.
யுபிஎஸ் பதினாறு நிமிடம் என்றது,
மறு கணமே பதினொன்று என்றது.

அணைப்பதற்கும் வரிசை உண்டு.
இருபத்தொன்பது சி-யில் கடைசியாய்த் தொற்றியவன்
முதலில் இறங்கினால்தான்
உள்ளே நசுங்கியவர் இறங்க முடியும்.
எனவே ரசீது முதலில்.

பதினைந்தாம் சமிக்ஞை அனுப்பினேன்.
பதினைந்து என்றால் தயவுசெய்து.
கையில் இருப்பதை முடி, கோப்பை மூடு, கிளம்பு.
ரசீது கிளம்பவில்லை.
பத்து நொடி. இருபது.
கரண்ட் இல்லாத பிரிண்டர் பதில் சொல்லும் என்று
அது காத்துக்கொண்டிருந்தது.
அதனிடம் யார் சொல்வது.

ஆறு நிமிடம்.

ஒன்பது என்றால் பேச்சே இல்லை.
ஒன்பதைக் காதில் வாங்கக்கூட
யாருக்கும் நேரம் கிடையாது.
எண்டரின் மேல் விரல் ஒரு கணம் நின்றது,
சொல்ல வெட்கம்தான்.
அடித்தேன்.

மற்றவை மரியாதையாய்ப் போயின.
மின்விசிறிகள் ஓய்ந்ததும்
மழை திடீரென்று அறைக்குள் வந்துவிட்டது போலிருந்தது.
வாட்ச்மேன் பிரபுல்லாவும் நானும்
பெட்டிகளை இரண்டாம் மாடிக்குத் தூக்கி
எக்ஸ்ரே மேசையில் படுக்கவைத்தோம்.

மூன்றாம் நாள் கரண்ட் வந்தது.
பத்து. இருபது. நாற்பத்தைந்து நொடி,
ரோஸ்லினும் நானும் மூச்சைப் பிடித்தபடி.
முப்பத்தைந்து எழுந்தது.
தொண்ணூறு மட்டும் மறுத்தது:
ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்பதில் போனதற்குத் தன் அடையாளச் சீட்டைக்
கிழித்துவிட்டுப் போக அவகாசம் இருக்கவில்லை.
ஒரு சின்னக் கோப்பு. அதற்குள் ஓர் எண், 2317.
எங்கள் மாமா இப்படித்தான்
மூன்று தேர்தலாய் வாக்காளர் பட்டியலில் வாழ்கிறார்.
2317 யாரென்று பார்த்தேன்.
அந்த எண்ணுக்கு வேறு ஆள் குடிவந்திருந்தது,
விஷயம் ஏதும் தெரியாமல்
கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு.

கோப்பை அழித்தேன். ரசீது எழுந்தது.
எழுந்ததும் முதல் வேலையாக
அன்றிரவு தொண்டையில் சிக்கியதை அச்சடித்தது:
அஞ்சுகம், 52, தைராய்டு, ரூ. 450.

மாலையில் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு சேர்த்தேன்.
தரவுத்தளம் எழ நேரமாகும்.
நம்பாவிட்டால் அழித்துப் பார்,
ஞாயிறு மதியத்தில்.